கால் எட்டாத ஆழத்தில் பதறாமல் இருக்க

இடுப்பளவில் நம்மைத் தாங்கிய அதே தண்ணீர்தான் பத்தடி ஆழத்திலும் தாங்குகிறது. இது தெரிந்தவர்களுக்கும், கால் தரையில் எட்டவில்லை என்று உணரும் நொடியில் நெஞ்சு படபடக்கிறது. பயம் முதலில் பிடிப்பது மூச்சை. வாயைத் திறந்து ஒரு இழுப்பு இழுத்துத் தம் கட்டிக்கொள்கிறோம். பிறகு கழுத்தைத் தூக்கி, கையால் தண்ணீரை அடிக்கிறோம். தம் கட்டுவதால் மூச்சு முட்டுகிறது, தலையைத் தூக்குவதால் உடம்பு அமிழ்கிறது. அதனால் பயிற்சியை மூச்சிலிருந்தே தொடங்குங்கள். நீச்சல் தெரிந்த ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் இதில் எதையும் செய்ய வேண்டாம்.

முதலில் மூச்சு

மார்பளவுத் தண்ணீரில் நின்று குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாயால் சாதாரணமாக மூச்சை இழுத்து, முகத்தை உள்ளே வைத்து, 'ம்ம்ம்' என்று முனகியபடி மூக்கால் 4 முதல் 6 நொடி வரை விடுங்கள். முனகும்வரை காற்று வெளியே வந்துகொண்டே இருக்கும், மூக்கில் தண்ணீர் ஏறாது. முகத்தை எடுத்ததும் மூச்சை இழுக்க மட்டும் செய்யுங்கள். இப்படிப் பத்து முறை.

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். உள்ளே தம் கட்டிவிட்டு, மேலே வந்த அரை நொடியில் விடவும் இழுக்கவும் முயல்கிறார்கள். பழைய காற்று முழுதாக வெளியேறாமல் தங்க, நாலைந்து முறைக்குள் மூச்சு வாங்குகிறது. 'காற்று போதவில்லை' என்ற அந்தத் தவிப்பைக் கிளப்புவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அல்ல, இரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. அதைத் தொடர்ந்து வெளியே விட்டால் தவிப்பு தணியும்.

இதை வைத்துக்கொண்டு ஒரு விபரீதம் செய்துவிடாதீர்கள். முங்குவதற்கு முன் வேகவேகமாக ஆழ்ந்து மூச்சு வாங்கினால் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறிக் குறைந்துவிடும். மூச்சு வாங்கச் சொல்லும் உந்துதல் வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்குள் மயங்கிவிடலாம். நன்றாக நீந்துகிறவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள்.

மிதப்பதற்கு முன் எழப் பழகுங்கள்

மல்லாந்து படுக்கத் தயங்குவதற்குப் பாதிக் காரணம், திரும்ப எழுவது எப்படி என்று தெரியாததுதான். ஆகவே அதை முதலில் பழகுவது நல்லது. மல்லாந்த நிலையில் மோவாயை மார்புக்குக் கொண்டுவாருங்கள், முழங்கால்களை வயிற்றுப் பக்கம் மடக்குங்கள், இரு கைகளாலும் தண்ணீரைப் பின்னாலிருந்து முன்பக்கமாக அள்ளுங்கள். உடம்பு தானாக நிமிரும்; அப்போது காலை ஊன்றுங்கள். கூட இருப்பவர் முதுகுக்கடியில் கை கொடுக்க, யோசிக்காமல் வரும்வரை செய்து பாருங்கள்.

பிறகு மிதப்பது. காது இரண்டும் தண்ணீருக்குள் போக வேண்டும். இந்த இடத்தில்தான் எல்லோரும் கழுத்தை விறைக்கிறார்கள். தலையின் எடை 4 முதல் 5 கிலோ. அதைத் தண்ணீருக்கு மேலே பிடித்தால் அந்தப் பாரம் உடம்பின் மேல் இறங்கி இடுப்பை அமுக்கும். பார்வை நேர் மேலே இருக்கட்டும், கைகளைத் தண்ணீருக்குள்ளேயே தலைக்கு மேலாக விரியுங்கள். நுரையீரலில் கூடுதலாக நிற்கும் ஒவ்வொரு லிட்டர் காற்றும் ஏறக்குறைய ஒரு கிலோ அளவுக்கு உங்களைத் தூக்கும். அதனால் இழுத்த மூச்சை ஒரு நொடி தங்கவிட்டு, சற்று மட்டும் விட்டு, உடனே இழுங்கள். கால் கீழே தொங்குகிறதா? தொங்கட்டும். மூக்கும் வாயும் வெளியே இருந்தால் போதும். தசை திரண்ட உடம்புக்காரர்கள் பலருக்குக் கால் மேலே வருவதே இல்லை.

ஆழத்துக்குப் போகும்போது

விளிம்பைப் பிடித்தபடியே ஆழமான பக்கத்துக்கு நகருங்கள். அங்கே முதலில் மூச்சுப் பயிற்சி, பிறகு ஒரு கையால் விளிம்பைப் பிடித்து மிதத்தல், அப்புறம் 5 நொடி கையை விட்டு மிதத்தல். சிரமமில்லாமல் வந்த பிறகே 10, 30 நொடி என்று கூட்டுங்கள். பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நாலு, ஐந்து என்றால் அங்கேயே இருந்து மூச்சை நீளமாக விடுங்கள். எட்டைத் தொட்டால் ஒரு படி பின்வாங்கி விளிம்பைப் பிடியுங்கள், ஆனால் தண்ணீரைவிட்டு ஏறிவிடாதீர்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது கரையேறினால், தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று உடம்பு பதிந்துகொள்ளும், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பதறும். இரண்டு, மூன்றுக்கு இறங்கியபின் ஏறுங்கள். வாரத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரத்தைவிட, மூன்று முறை இருபது நிமிடம் சிறந்தது.

குளிர்ந்த தண்ணீரில் சடாரென்று விழுந்தால் மூச்சு தன்னிச்சையாக வெட்டி வெட்டி இழுக்கும். ஓரிரண்டு நிமிடத்தில் அது தணியும். அதுவரை நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்தபடி இருங்கள். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டாலும் அதேதான்: மல்லாந்து, கால்விரல்களை முழங்காலை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். பிடிப்பு விட்டதும் அந்தக் காலை உதைக்காமல், கைகளை மட்டும் பயன்படுத்தி விளிம்புக்கு வாருங்கள்.