ஆலப்புழா காயலில் கூட்டமாக மதிய விருந்து: தனிப்படகைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்பாவின் மணிவிழா முடிந்த கையோடு சொந்தபந்தங்கள் 24 பேர் மதுரையிலிருந்து ஆலப்புழாவுக்குக் கிளம்பினோம். எங்களுக்கு மட்டுமான தனிப்படகு, அதிலேயே சமையல், பகல் முழுவதும் வேம்பநாட்டுக் காயலில் பயணம் என்பது திட்டம். படங்களில் அழகாக இருந்த ஐந்து படுக்கையறைப் படகு ஒன்றைப் பேசி முன்பணம் அனுப்பியிருந்தோம். சாப்பாட்டு மேசையில் எட்டுப் பேருக்குத்தான் இடம் என்பது ஏறிய பிறகுதான் தெரிந்தது. மூன்று பந்தி போட்டோம். "மற்றவர்கள் முதலில் சாப்பிடட்டும்" என்று காத்திருந்த அப்பாவும் அம்மாவும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தபோது, அந்தக் காயல் பக்கத்துப் பெயர்பெற்ற மீனான கரிமீன் தீர்ந்துபோயிருந்தது. அப்பளம் நமுத்திருந்தது. யாருக்காகப் போனோமோ அவர்கள் இலையில் சாம்பாரும் பொரியலும் மட்டும்.

அந்த இலை இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அதன் பிறகு வெவ்வேறு கூட்டங்களோடு இரண்டு முறை போய்வந்தேன், இரண்டும் நன்றாகவே அமைந்தன. முதல்முறை ஏற்பாடு செய்பவர்களுக்காக, நான் செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: ஆட்களை எண்ணுங்கள்

மொத்த எண்ணிக்கை மட்டும் போதாது. குழந்தைகள் எத்தனை, மாடிப்படி ஏற முடியாத பெரியவர்கள் எத்தனை, சைவம் எத்தனை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கைக்குழந்தையையும் விட்டுவிடாதீர்கள். படகுக்காரரிடம் "ஏறக்குறைய இருபது பேர்" என்று சொன்னால் அவர் இருபதுக்குத்தான் மீன் வாங்குவார்.

படி 2: எந்தப் பயணம் என்று முடிவு செய்யுங்கள்

ஆலப்புழாவில் கிடைப்பவை முக்கியமாக மூன்று. முதலாவது, ஹவுஸ்போட்டில் பகல் பயணம். பதினோரு மணி, பன்னிரண்டு மணி வாக்கில் கிளம்பி, மதியச் சாப்பாடும் மாலைத் தேநீரும் கொடுத்து, நான்கு, ஐந்து மணிக்குக் கரை சேர்ப்பார்கள். இரண்டாவது, இரவு தங்கும் பயணம். மூன்றாவது ஷிகாரா. கூரை போட்ட சிறிய படகான இதில் சமையலறை கிடையாது.

கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவதுதான் நோக்கம் என்றால் பகல் பயணமே போதும். இரவுப் பயணம் என்றால் இரவு முழுவதும் படகு ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மாலையில் மீனவர்கள் வலை விரிக்கும் நேரம் வந்துவிடும் என்பதால் ஐந்தரை மணி வாக்கில் ஹவுஸ்போட்கள் ஏதாவது ஒரு கரையில் கட்டப்பட்டுவிடும். நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் அறைக்கும் இரவு உணவுக்கும்தான்.

ஹவுஸ்போட் பெரிய உருப்படி, குறுகிய வாய்க்கால்களுக்குள் நுழையாது. வீட்டு வாசல்படியை ஒட்டி ஓடும் அந்த வாய்க்கால்களைப் பார்க்க ஆசைப்பட்டால், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் சிறு வள்ளத்தில் போக முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

படி 3: படுக்கையறைக் கணக்கை மறந்துவிடுங்கள்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்வதற்காகத்தான். இந்தத் தொழிலில் எல்லாப் படகும் "இரண்டு பெட்ரூம், ஐந்து பெட்ரூம்" என்றே பேசப்படுகிறது. பகல் விருந்துக்குப் போகிறவர்களுக்கு அந்த அறைகள் பை வைக்கவும் குழந்தையைத் தூங்கவைக்கவும்தான் பயன்படும். மேலும், அறை கூடக்கூட எல்லோரும் சேர்ந்து உட்காரும் இடம் குறையவும் வாய்ப்புண்டு. எங்கள் ஐந்து அறைப் படகில் நடந்தது அதுதான்.

ஆகவே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒரே பந்தியில் எத்தனை பேர் உட்கார்ந்து சாப்பிடலாம்? மேல்தளம் உண்டா, அதில் நிழல் இருக்கிறதா, எத்தனை பேருக்கு நாற்காலி? கழிவறை எத்தனை, அறைக்குள் போகாமல் பயன்படுத்தும்படி ஒன்றாவது இருக்கிறதா?

பழைய படங்களை நம்ப வேண்டாம். படகில் நின்றபடியே வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். முன்பக்கத்து இருக்கைகளில் தொடங்கி, சாப்பாட்டு மேசையைக் கடந்து, பின்பக்கம் சமையலறை வரை ஒரே நடையாக நடந்து காட்டச் சொல்ல வேண்டும். பேசியபின் அந்தப் படகின் பெயரையும் பதிவெண்ணையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "இதே போல வேறொரு படகு" என்று படகுத்துறையில் மாற்றிவிடும் வழக்கம் உண்டு.

மேல்தளத்தை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஆலப்புழாவைச் சுற்றியுள்ள குட்டநாட்டுப் பகுதியின் வயல்கள் பல, கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்த நிலங்கள். கீழ்த்தளத்தில் இருந்தால் வரப்பும் தென்னையும்தான் தெரியும். மேலே ஏறி நின்றால், படகு மிதக்கும் தண்ணீரைவிடக் கீழே, கரைக்கு அந்தப்புறம் நெல் விளைந்து நிற்பதைப் பார்க்கலாம். இந்த விவசாய முறையை ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2013-இல் உலக வேளாண் மரபாக அங்கீகரித்தது. என் அத்தை தஞ்சாவூர்ப் பக்கம் வயலில் வளர்ந்தவர். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு வெகுநேரம் நாற்காலியில் உட்காரவே இல்லை.

படி 4: பாதுகாப்பைக் கூச்சப்படாமல் கேளுங்கள்

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிக்கொண்டு இருட்டிய பிறகு ஓடிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். காயல் அமைதியாகத் தெரிகிறது என்பதற்காக இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

படகின் பதிவுச் சான்றிதழில் எத்தனை பேர் ஏறலாம் என்று குறிப்பிட்டிருக்கும். அதன் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் எண்ணிக்கை அதைவிட ஒன்று கூடினாலும் இரண்டு படகாகப் பிரித்துவிடுங்கள். "சமாளித்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். உயிர்காப்புச் சட்டை தலைக்கு ஒன்று வேண்டும், குழந்தைகளுக்குச் சிறிய அளவில் தனியாக வேண்டும். கிளம்பும் முன்பே வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தால் ஆபத்தில் கைக்கு வராது. படகு ஓட்டுபவரை அங்கே ஸ்ராங்கு என்பார்கள். அவருக்கு உரிமம் உண்டா என்று கேட்பதில் தவறே இல்லை.

உங்கள் கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஏதாவது கண்ணில் பட்டால் படம் எடுக்க எல்லோரும் மேல்தளத்தின் ஒரே பக்கத்துக்கு ஓடக் கூடாது.

படி 5: சாப்பாட்டைப் பேசுங்கள்

வழக்கமான மதியச் சாப்பாடு சோறு, சாம்பார், தோரன் (தேங்காய் போட்ட பொரியல்), அவியல், அப்பளம், ஊறுகாய், ஆளுக்கு ஒரு கரிமீன் வறுவல். பாயசம் கேட்டால்தான் வரும். சோறு பெரும்பாலும் பருமனான சிவப்பு மட்டை அரிசி. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது இறங்காமல் போகலாம், பாதிக்கு வெள்ளை அரிசி வடிக்கச் சொல்லுங்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்கு மீன் பொரித்த எண்ணெயிலேயே அப்பளம் பொரிக்கக் கூடாது என்பதையும் சமையல்காரரிடமே நேரில் சொல்ல வேண்டும். முகவரிடம் சொன்னது சமையலறை வரை போய்ச் சேருவதில்லை.

இரண்டாம் முறை போனபோது கிளம்பியதும் பின்பக்கம் போய்ச் சமையல்காரரைப் பார்த்தேன். கரிமீனின் இரு பக்கமும் குறுக்காகக் கீறி, மிளகும் மஞ்சளும் மிளகாயும் அரைத்த விழுதைக் கீறலுக்குள் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மீனையும் விரல்விட்டு எண்ணி, "இருபத்திரண்டு, சரிதானே சேட்டா?" என்றார். முதல் பயணத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவரே கேட்டார்.

வழியில் மீன் விற்கும் கடைகளில் படகை நிறுத்துவார்கள். ஆற்றுக்கொஞ்சு எனப்படும் பெரிய இறால் அங்கே கிடைக்கும். வாங்குவது உங்கள் விருப்பம்தான். எடை போடும் முன் விலையையும், சமைத்துத் தர தனிக்கூலி உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

படி 6: பணம், தேதி

வாடகையில் எவையெல்லாம் அடக்கம் என்று ஒரே செய்தியில் எழுதி வாங்குங்கள்: சாப்பாடு, குடிநீர், தேநீர், வரி, கூடுதல் ஆளுக்கான கட்டணம். குளிர்சாதனம் எந்த நேரத்தில் ஓடும் என்றும் கேளுங்கள். பகலில் ஓடாத படகுகள் பல. முழுத் தொகையையும் முன்கூட்டி அனுப்பாமல் ஒரு பகுதியை மட்டும் முன்பணமாகக் கொடுங்கள். பேருந்து நிலையத்திலும் துறையிலும் கையைப் பிடித்து இழுக்கும் தரகர்களிடம் போகாமல், மாவட்டச் சுற்றுலா மேம்பாட்டுக் கழகத்தின் முன்பதிவு நிலையத்தில் ஒருமுறை விலை விசாரித்தால் நிலவரம் புரிந்துவிடும்.

கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை விலையும் நெரிசலும் உச்சத்தில் இருக்கும். வார நாளில் போவது எல்லா வகையிலும் நல்லது. புன்னமடைக் காயலில் நேரு கோப்பைப் படகுப் போட்டி வழக்கமாக ஆகஸ்டில் நடக்கும், சில ஆண்டுகளில் தள்ளிப்போனதும் உண்டு. அன்று அந்தப் பகுதியில் உங்கள் படகு ஓடாது என்பதால் தேதியைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

அன்றைய தினம்

அரை மணி நேரம் முன்னதாகவே துறைக்குப் போய்விடுங்கள். கரைக்கும் படகுக்கும் இடையில் ஒற்றைப் பலகைதான் இருக்கும். சில இடங்களில் இரண்டு மூன்று படகுகளைக் கடந்து உங்கள் படகுக்குப் போக வேண்டிவரும். முழங்கால் வலி உள்ளவர்களுக்காகப் படகைக் கரையோடு அணைத்து நிறுத்தச் சொன்னால் செய்வார்கள்.

சாப்பாட்டுக்காக ஏறக்குறைய ஒரு மணி நேரம் படகைத் தென்னந்தோப்பின் ஓரமாகக் கட்டிவைப்பார்கள். அந்த நேரத்தில் மூத்தவர்களை முதல் பந்தியில் உட்காரவையுங்கள். நான்கு மணிக்குத் தேநீரும் பழம்பொரியும் (வாழைப்பழ பஜ்ஜி) வரும். கரை சேரும் அவசரத்தில் அதைக் கையில் கொடுத்து இறக்கிவிடாமல், காயலின் நடுவில் படகு ஓடிக்கொண்டிருக்கும்போதே பரிமாறும்படி சமையல்காரரிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.