எச்.ஓ. அளவு ஐ.சி.எஃப். பெட்டிக்குத் தெற்கு ரயில்வே வண்ணமும் எழுத்தும்: தொடங்குபவர்களுக்கான செய்முறை

மாதிரி ரயில் சேகரிக்கத் தொடங்கும் நம்மூர்க்காரர்களில் பலர், கிடைத்த ஐரோப்பிய வண்டித் தொகுப்பு ஒன்றை வாங்கி, வட்டப் பாதையில் இரண்டு மாதம் ஓட்டிவிட்டுப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். சிறுவயதில் ஈரோடு சந்திப்பில் நின்று பார்த்த செங்கல் சிவப்புப் பெட்டிகளும் அவற்றை இழுத்து வந்த டபிள்யூ.டி.எம்.2 டீசல் இன்ஜினும்தான் எனக்கு ரயில். ஜெர்மானியப் பெட்டி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அது வேறு யாருடைய ஊருக்கோ போகிற வண்டியாகவே இருந்தது. ஆகவே, பூச்சில்லாத வெற்றுப் பெட்டி ஒன்றை வாங்கி, அதைத் தெற்கு ரயில்வேயின் இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பெட்டியாக மாற்றினேன். முதல் பெட்டிக்கு ஐந்து மாதம் ஆயிற்று; ஆறாவது பெட்டி இரண்டு வார இறுதிகளில் முடிந்தது. இடையில் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன்

பணத்தை எடுக்கும் முன் ஒரு மண்டலம், ஓர் ஆண்டு, ஒரு வண்டி என்று முடிவு செய்துகொள்ளுங்கள். சென்னைப் பெரம்பூரில் 1955-ல் தொடங்கிய இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.), சுவிட்சர்லாந்தின் தொழில்நுட்பத்தில் அமைந்த இவ்வகைப் பெட்டியை 2018 தொடக்கம் வரை கட்டியது. இத்தனை ஆண்டுகளில் நிறம், எழுத்து, விளிம்பு விவரங்கள் எல்லாம் மாறியிருக்கின்றன. செங்கல் சிவப்பு வேண்டுமென்றால், நீலம் பரவலாவதற்கு முந்தைய காலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் 1990-களின் தொடக்கத்தை எடுத்துக்கொண்டேன். அந்தக் காலத்துப் புகைப்படம் ஒன்றை அச்சிட்டு மேசைக்கு எதிரே ஒட்டி வையுங்கள். நினைவை நம்பினால் நிச்சயம் தவறு செய்வீர்கள்.

அளவு எச்.ஓ., அதாவது 87-ல் ஒரு பங்கு. பெட்டி முனைகளில் உள்ள இடைத்தாங்கி (பஃபர்) முதல் இடைத்தாங்கி வரை 22,297 மி.மீ. நீளமுள்ள பெட்டி இந்த அளவில் 256 மி.மீ. ஆகிறது, 3,245 மி.மீ. அகலம் 37 மி.மீ.-க்குச் சற்று மேல் வருகிறது. வாங்குகிற உடலை முதலில் அளவுகோல் வைத்துப் பாருங்கள். 76-ல் ஒரு பங்கான பிரித்தானிய ஓ.ஓ. அளவில் செய்ததாக இருந்தால் 293 மி.மீ. வரும், இரண்டு அளவுக்கும் தண்டவாள அகலம் ஒன்றே என்பதால் விற்பவர்களே குழம்புகிறார்கள்.

அந்தத் தண்டவாள அகலம் 16.5 மி.மீ. நமது அகலப்பாதையின் 1,676 மி.மீ.-ஐ 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வர வேண்டும். ஆகவே நம் வண்டி கிட்டத்தட்ட 3 மி.மீ. குறுகிய பாதையில்தான் ஓடப்போகிறது. சரியான அகலத்தில் பாதையைக் கையால் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தொடங்குகிறவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. நேர் எதிரில் நின்று பார்த்தால் ஒழிய வித்தியாசம் தெரிவதில்லை.

எத்தனை பெட்டி என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 24 பெட்டி கொண்ட முழு ரேக் (வண்டித் தொடர்) இந்த அளவில் 6 மீட்டரைத் தாண்டும். எந்த வீட்டுக் கூடமும் அதற்கு இடம் தராது. இரு முனைகளிலும் கார்டு அறையுடன் கூடிய எஸ்.எல்.ஆர். பெட்டி, நடுவில் மூன்று படுக்கைப் பெட்டி, ஒரு குளிர்சாதனப் பெட்டி என ஆறு இருந்தால், இன்ஜினையும் சேர்த்து ஏறக்குறைய 1.75 மீட்டரில் முடிந்துவிடும். பார்ப்பவருக்கு அது முழு வண்டியாகவே தோன்றும்.

படி 1: கழுவுதல், தேய்த்தல்

முப்பரிமாண அச்சில் வந்த உடலானால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலிலும், வார்ப்பில் வந்ததானால் பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரிலும் கழுவிக் காயவையுங்கள். பிறகு 400, 800, 1200 எண் உப்புத்தாள்களால் நீர் தொட்டுத் தேயுங்கள். கூரை வளைவில்தான் அச்சுப் படிவரிகள் அதிகம் தெரியும். இந்த வேலை சலிப்பானதுதான், ஆனால் இங்கே விட்ட வரி ஒவ்வொன்றும் வண்ணம் பூசியபின் இரட்டிப்பாகத் தெரியும்.

படி 2: சன்னல் கம்பிகள்

குளிர்சாதனமில்லாத பெட்டியின் முகமே அதன் குறுக்குக் கம்பிகள்தாம். அச்சிலேயே கம்பிகள் வந்திருந்தால் அவை பெரும்பாலும் பருத்திருக்கும். அவற்றை வெட்டியெடுத்துவிட்டு, பழைய மின்விசிறி மோட்டாரிலிருந்து உருவிய மெல்லிய செப்புக் கம்பியைப் பொருத்துவதையே நான் விரும்புகிறேன். கம்பியின் ஒரு முனையைக் குறட்டில் பிடித்து, மறுமுனையை மெல்ல இழுத்தால் அது நேராகும். பெட்டியின் நீளம் முழுவதற்கும் ஒரே கம்பியாக உட்புறம் ஒட்டுங்கள். ஒவ்வொரு சன்னலுக்கும் தனித்தனியாக வெட்டி ஒட்ட முயன்றால் எந்த இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்காது. அவசரகால வழிச் சன்னலுக்கு நேரே வரும் பகுதியை ஒட்டிய பிறகு நறுக்கிவிடலாம்.

படி 3: பிரைமரும் வண்ணமும்

முதலில் சாம்பல் நிற பிரைமர். இரும்புக் கதவுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு செங்கல் சிவப்புக்கு நல்ல அடிநிறம்தானே என்று எனக்கும் தோன்றியது. அதன் துகள் இந்த அளவுக்கு மிகவும் கரடானது, கதவோடு அதை விட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஸ்ப்ரே கேன் அடிக்காதீர்கள். ஈரம் பிடித்துப் பூச்சின் மேல் வெண்படலம் படியும். காலை பத்து மணிக்குமேல், வெயில் நேரே விழாத மாடிப்படிக்கட்டு போன்ற இடம் போதும்.

ஏர்பிரஷ் இருந்தால் 0.3 மி.மீ. முனை, 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தம், பால் பதத்தில் கரைத்த அக்ரிலிக். இல்லையென்றால் நல்ல ஸ்ப்ரே கேனே போதும். முதல் பெட்டிக்காக ஏர்பிரஷ் வாங்குவதை நான் ஆதரிக்கவில்லை. ஒரே தடிப்பான பூச்சுக்குப் பதில் மூன்று மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். உடல் நன்றாகக் காய்ந்தபின் அதை மறைத்துக் கூரைக்குச் சாம்பலும் அடிச்சட்டத்துக்குக் கறுப்பும் அடியுங்கள். மறைப்பு நாடாவில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஹார்டுவேர் கடைச் சுருளின் ஓரத்தில் வண்ணம் கசியும். டாமியா நிறுவனத்தின் மஞ்சள் நாடா ஒன்று பல பெட்டிகளுக்கு வரும்.

எல்லாம் முடிந்ததும் உடல் முழுவதும் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு. இதை ஏன் செய்ய வேண்டும் என்பது அடுத்த படியில் விளங்கும்.

படி 4: எழுத்து

என் ஐந்து மாதத்தில் மூன்று மாதம் இங்கேதான் போயிற்று. பெட்டியைத் தெற்கு ரயில்வேயின் பெட்டியாக்குவது எழுத்துதான். எழுத்தில்லாவிட்டால் அது வெறும் சிவப்புப் பெட்டி.

முதலில் எழுத வேண்டியதைத் தயார் செய்யுங்கள். மண்டலக் குறி, வகைக் குறி, எண் ஆகியவை முக்கியம். ஐந்திலக்க எண்ணில் முதல் இரண்டும் பெட்டி கட்டப்பட்ட ஆண்டு. கடைசி மூன்றும் வகை. 201 முதல் 400 வரை இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பெட்டிக்குரியவை. ஆகவே 84217 என்றால் 1984-ல் கட்டிய படுக்கைப் பெட்டி. வாய்க்கு வந்த எண்ணைப் போட்டால், விவரம் தெரிந்தவர் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்.

இந்த எழுத்துகள் செங்கல் சிவப்பின் மேல் மஞ்சளில் இருக்க வேண்டும். நான் ஒளிபுகும் டெக்கால் தாளில் (நீரில் நனைத்து, அச்சை நழுவவிட்டு ஒட்டும் தாள்), வீட்டு லேசர் அச்சுப்பொறியில், மஞ்சள் எழுத்தை அச்சிட்டேன். தாளில் அழகாக இருந்தது. பெட்டியில் ஒட்டியதும் எழுத்தே காணாமல் போய்விட்டது; விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் அழுக்குத் தடம்போல ஏதோ தெரிந்தது. மை போதவில்லை என்று எண்ணி, இருமுறை, மும்முறை அச்சிட்டு மூன்று தாள்களைப் பாழாக்கினேன். காரணம் எளிது. சாதாரண அச்சுப்பொறியின் மஞ்சள், வெள்ளைத் தாளின் வெண்மையைப் பின்னணியாக நம்பியே மஞ்சளாகத் தெரிகிறது. அடியில் சிவப்பு இருந்தால் சிவப்புதான் தெரியும். வெள்ளை மை என்பது அந்த எந்திரத்தில் கிடையவே கிடையாது.

அடுத்து, வெள்ளை டெக்கால் தாளில் எழுத்தைச் சுற்றிச் சிவப்பையும் சேர்த்து அச்சிட்டேன். அச்சின் சிவப்பும் பூச்சின் சிவப்பும் எந்த வெளிச்சத்திலும் ஒத்துப்போகவில்லை. பெட்டிக்குப் பிளாஸ்திரி போட்டதுபோல இருந்தது.

தீர்வு எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. டி-ஷர்ட்டுக்குப் படம் மாற்றும் சில கடைகளில் வெள்ளை டோனர் கொண்ட லேசர் அச்சுப்பொறி இருக்கிறது. அது முதலில் வெள்ளையை இட்டு, அதன்மேல் நிறத்தை இடுகிறது. லேசருக்கான ஒளிபுகும் டெக்கால் தாளை நான் கொண்டுபோனபோது, தெரியாத தாள் உள்ளே உருகி எந்திரத்தைக் கெடுத்துவிடும் என்று கடைக்காரர் தயங்கினார். உறையில் லேசருக்குரியது என்று போட்டிருந்ததைக் காட்டிய பிறகே சம்மதித்தார். உறையைத் தூக்கிப்போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒரே தாளில் ஆறு பெட்டிக்குமான எழுத்தும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு உபரியும் நிரப்பிக்கொண்டு போனால் செலவு மிச்சம்.

ஒட்டும் முறை இது. எழுத்தின் விளிம்பை ஒட்டி வெட்டி, வெதுவெதுப்பான நீரில் முப்பது விநாடி அமிழ்த்தி, வெளியே எடுத்துத் தாள்மேல் வையுங்கள். தானாக நழுவும் வரை காத்திருங்கள். டெக்கால் ஒட்ட உதவும் மைக்ரோ செட் திரவத்தைப் பெட்டியில் தடவி, அதன்மேல் டெக்காலைத் தூரிகையால் நகர்த்துங்கள். இடுக்கியால் தூக்கினால் மடிந்து தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும். இடம் சரியானதும் ஓரத்து நீரை ஒற்றியெடுத்து, இளக்கும் திரவமான மைக்ரோ சோலைத் தடவுங்கள். அடுத்த சில நிமிடங்களில் டெக்கால் கிழவியின் கன்னம்போலச் சுருங்கும். பதறி விரலால் நீவப்போய் 84217-ஐ 84 என்றும் 217 என்றும் இரண்டாகக் கிழித்தவன் நான். கையைக் கட்டிக்கொண்டு எழுந்து போய்விடுங்கள். காயும்போது அது தானே இறுகிப் படியும்.

பளபளப்புப் பூச்சின் பயன் இங்கேதான். பளபளப்பில்லாத (மேட்) பரப்பு நுண்மையாகச் சொரசொரப்பானது. டெக்காலுக்கு அடியில் காற்று சிக்கி வெள்ளிபோல மினுங்கும். அப்படி நேர்ந்துவிட்டால், ஊசிமுனையால் நாலைந்து இடத்தில் குத்தி மறுபடி மைக்ரோ சோல் தடவினால் பெரும்பாலும் சரியாகும்.

ஊர்ப்பெயர்ப் பலகைக்கு டெக்காலே வேண்டாம். மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து என்பதால், சாதாரண வெள்ளைத் தாளில் அச்சிட்டு வெட்டி ஒட்டினால் போதும். வெட்டிய விளிம்பின் வெண்மையைக் கறுப்புப் பேனாவால் மறையுங்கள். தமிழ் எழுத்துக்குத் தடித்த எழுத்துரு வேண்டாம், இவ்வளவு சிறிய அளவில் 'ணை', 'னை' ஆகியவற்றின் சுழிகள் அடைந்து கறைபோலாகிவிடும். 1996-க்கு முந்தைய வண்டியானால் ஆங்கிலத்தில் 'மெட்ராஸ்' என்றிருக்க வேண்டும். 1970-களை எடுத்துக்கொள்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்த ஆணை 1978-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய பலகையில் 'சென்னை' என்பதன் கடைசி எழுத்து யானைத் தும்பிக்கை போட்ட பழைய வடிவில்தான் இருந்திருக்கும். இன்றைய எழுத்துருக்கள் பலவற்றில் அது கிடையாது, வரைந்துதான் சேர்க்க வேண்டும்.

படி 5: அழுக்கு, எடை, சக்கரம்

மேட் வார்னிஷ் அடித்து எழுத்தை மூடுங்கள். வார்ப்பிரும்புப் பிரேக் கட்டைகள் உதிர்க்கும் துரு நிறத் தூசி போகியிலும் (பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) உடலின் கீழ்ப்பகுதியிலும் படிந்திருப்பதுதான் நம் பெட்டிகளின் இயல்பு. பழுப்பு நிறச் சாக்பீஸைச் சுரண்டிய பொடியை உலர்ந்த தூரிகையால் கீழிருந்து மேலாகத் தடவினால் அது வந்துவிடும். போதும் என்று தோன்றுவதற்குச் சற்று முன்பே நிறுத்துங்கள்.

வெற்று உடல் மிக இலேசானது, வளைவில் சாயும். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.-வின் பரிந்துரை 28 கிராமும், நீளத்தில் அங்குலத்துக்கு 14 கிராமும் என்பது. நம் பெட்டி ஏறக்குறைய 10 அங்குலம் என்பதால் 170 கிராம் வருகிறது. டயர் கடையில் சக்கரச் சமனுக்கு ஒட்டும் பட்டைகளை வாங்கித் தரையில், இரு போகிகளுக்கும் மேலாகச் சமமாக ஒட்டுங்கள். சக்கரம் 10.5 மி.மீ. விட்டமுள்ள உலோகச் சக்கரமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் சக்கரம் தண்டவாளத்தில் அழுக்கைப் பூசிக்கொண்டே போகும்.

இறுதியாக வளைவில் சோதியுங்கள். தொடக்கத் தொகுப்புகளில் வரும் 360 மி.மீ. ஆரத்தில் 256 மி.மீ. பெட்டி ஓடினாலும் இடைத்தாங்கிகள் ஒன்றோடொன்று சிக்கும். 438 குறைந்தபட்சம், இடமிருந்தால் 600-க்குப் போங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துச் செய்து பார்த்த ஒருவர், இங்க்ஜெட்டில் அச்சிட்ட டெக்கால் நீரில் போட்டவுடன் கரைந்துவிட்டது என்று எழுதினார். நான் லேசரையே பயன்படுத்தியதால் இதைச் சொல்லத் தவறிவிட்டேன். இங்க்ஜெட் தாளானால், அச்சிட்டு மை காய்ந்தபின் நிறமற்ற அக்ரிலிக் ஸ்ப்ரேயை இரண்டு மூன்று முறை அடித்து மூடிய பிறகே நீரில் இட வேண்டும்.

வண்டியின் பின்புறத்து மஞ்சள் பெருக்கல் குறியை எந்தப் பெட்டியில் போடுவது என்று வேறு இருவர் கேட்டிருந்தார்கள். கடைசிப் பெட்டியின் வெளிமுனையில் அது இருக்க வேண்டும். ஆனால் இன்ஜின் முனை மாறினால் கடைசிப் பெட்டியும் மாறிவிடுமல்லவா? ஆகவே இரண்டு எஸ்.எல்.ஆர். பெட்டிகளின் வெளிமுனைகளிலும் போட்டுவிடுங்கள். டெக்கால் தாளில் இடம் ஒதுக்கும்போதே நான்கு குறிகளாக அடியுங்கள், இரண்டு உபரி.