பக்கத்து காட்டுக்கு நம்ம நகராட்சி காசு குடுக்கணுமா? முடிவு பண்றது எப்படின்னு பாப்போம்

இந்த விஷயம் கவுன்சில் கூட்டத்துக்கு வந்துச்சுன்னா அங்க கேக்குறது ரெண்டே ரெண்டு பேச்சுதான். ஒரு பக்கம் காடு இல்லன்னா நாம இல்லைன்னு உருகுறவங்க, இன்னொரு பக்கம் இங்க ரோடே குண்டும் குழியுமா கெடக்கு, நம்ம எல்லையிலயே இல்லாத காட்டுக்கு ஏன்டா நம்ம வரிப்பணம்னு கொதிக்கிறவங்க. ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ஆனா ரெண்டுல எத வச்சும் முடிவு எடுக்க முடியாது. காடு நல்லதாங்குறது இங்க கேள்வியே இல்ல, அத யாரும் மறுக்கப் போறதில்ல. இந்தக் காட்டுக்கு, இந்த நகரம், எவ்ளோ, எத்தன வருஷத்துக்கு, என்ன நிபந்தனையில குடுக்கணும்ங்குறதுதான் கேள்வி. அத எப்படி ஒன்னொன்னா பிரிச்சுப் பாக்குறதுன்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எழுதுறேன்.

மொதல்ல, என்ன கேக்குறாங்கன்னு அந்தத் தீர்மானத்த முழுசா வாங்கிப் படிங்க. சிரிக்காதீங்க, கூட்டத்துல பேசுறவங்கள்ல பாதிப் பேர் அதப் படிச்சிருக்க மாட்டாங்க. நிலம் வாங்கக் காசு கேக்குறாங்களா, வருஷா வருஷம் பராமரிப்புக்குக் கேக்குறாங்களா, இல்ல வர்றவங்களுக்குக் கட்டடம், நடைபாதை, பார்க்கிங் போடவா? மூணும் மூணு விதமான செலவு. நிலம் வாங்குறது ஒரு தடவதான், அதுக்கு போட்டோ எடுத்துக்கலாம், கல்வெட்டு வைக்கலாம், அதனால அதுக்குக் காசு எப்படியோ பொரண்டுடும். யானைய வாங்குறது பெரிசில்ல, தீனி போடணும்ல. காவலுக்கு ஆள் சம்பளம், வேலி, கோடைக்கு முன்னாடி தீ பரவாம இருக்க கோடு வெட்டுறது, குப்ப அள்ளுறது, களை மரம் வெட்டுறது, இதுக்கெல்லாம் ரிப்பன் வெட்ட யாரும் வர மாட்டாங்க, ஆனா இந்தச் செலவுதான் முடிவே இல்லாம ஓடும்.

வாங்கிப் போட்டுட்டு அப்படியே விட்டாலும் காடு தன்னப் பாத்துக்கும்னு நெனைக்கிறவங்களுக்கு கேப்டவுன் கதையச் சொல்லுங்க. அங்க நகரத்துக்குத் தண்ணி தர்ற மலைகள்ல வெளியூர் பைன் மரமும் அக்கேசியாவும் பரவி, அணைக்கு வர வேண்டிய தண்ணிய வருஷத்துக்கு 55 பில்லியன் லிட்டர் அளவுக்கு உறிஞ்சுறதா கணக்குப் போட்டிருக்காங்க. ஊருக்கே ரெண்டு மாசத்துக்குக் காணும் தண்ணி அது. 2018-ல குழாய மூடப் போற நாள எண்ணிக்கிட்டு இருந்த ஊருங்க அது. அந்த மரங்கள வெட்டுறதுக்குன்னே அதே வருஷம் தனியா ஒரு தண்ணி நிதி ஆரம்பிச்சாங்க. வெட்டுனா மட்டும் போதாது, திரும்பத் திரும்ப மொளைக்கும், திரும்பத் திரும்ப ஆள் விடணும். அதனால பட்ஜெட்டுல நான் மொதல்ல தேடுறது நிலத்தோட வெலைய இல்ல, அஞ்சாவது வருஷத்துச் செலவத்தான்.

அடுத்து, நகரத்துக்கு என்ன கெடைக்குது. இதுல கனமான விஷயம் தண்ணி, அதனால அதுலயே கொஞ்ச நேரம் நிக்கலாம். எல்லாரும் நியூயார்க்க உதாரணம் காட்டுவாங்க. அந்த நகரத்துத் தண்ணியில சுமார் 90 சதவீதம் கேட்ஸ்கில், டெலவேர் பக்கத்து மலைக்காடுகள்லருந்து வருது, சில எடம் நகரத்துலருந்து 200 கிலோமீட்டர் தூரம். 1989-ல ஏரி, ஆத்துத் தண்ணிய ஃபில்டர் பண்ணித்தான் குடுக்கணும், தண்ணி வர்ற எடத்தச் சுத்தமா காப்பாத்துனா மட்டும் விலக்குன்னு அமெரிக்கால விதி வந்தப்ப, ஃபில்டர் ஆலை கட்டவே 6லருந்து 8 பில்லியன் டாலர் ஆகும்னு மதிப்பு போட்டாங்க, வருஷாந்திரச் செலவு தனி. அதுக்குப் பதிலா அந்தக் காட்டையும் ஓடையையும் காப்பாத்துறது கம்மியா முடியும்னு கணக்குப் பாத்து, 1997-ல மேல இருக்குற சின்னச் சின்ன ஊர்களோட ஒப்பந்தம் போட்டாங்க. நிலம் வாங்குனது மட்டுமில்ல, அந்த ஊர்களோட சாக்கடைச் சுத்திகரிப்பு, வீட்டு செப்டிக் டேங்க், மாட்டுப் பண்ணைக் கழிவு, எல்லாத்துக்கும் நகரமே காசு குடுத்துச்சு.

இதுல யாரும் சொல்லாத இன்னொரு பாதி இருக்கு. மீதி 10 சதவீதத் தண்ணி க்ரோட்டன்னு நகரத்துக்கு ரொம்பப் பக்கத்துல இருக்குற பகுதியிலருந்து வருது. அங்க வீடும் ரோடும் பெருகிடுச்சு, காடு போச்சு, கடைசில அந்தத் தண்ணிக்கு ஃபில்டர் ஆலை கட்டியே ஆகணும்னு ஆச்சு, 2015-ல தொறந்தாங்க, செலவு 3 பில்லியன் டாலருக்கு மேல. ஒரே ஊர், ஒரு பக்கம் காட்டுக்குக் காசு குடுத்துச்சு, இன்னொரு பக்கம் மெஷினுக்குக் குடுத்துச்சு. கூட்டத்துல சொல்றதுக்கு இத விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

ஆனா ஒன்னு, நியூயார்க் பேர எடுத்தவுடனே தலையாட்டிடாதீங்க. உங்க ஊர்த் தண்ணி எங்கருந்து வருதுன்னு குடிநீர் வாரியத்துக்கிட்ட மேப் கேளுங்க, அந்தக் காடு தண்ணி எடுக்குற எடத்துக்கு மேல இருக்கா கீழ இருக்கான்னு பாருங்க. கீழ இருந்தா தண்ணி பத்தின வாதம் மொத்தமா படுத்துடும், ஏன்னா தண்ணி மேல் நோக்கி ஓடாது, அவ்ளோதான். அப்ப அந்தக் காட்டுக்கு வேற காரணம் இருக்கலாம், வெள்ளம் வந்தா தாங்கிக்கிற சதுப்பு நெலமா இருக்கலாம், பறவை வர்ற எடமா இருக்கலாம், மூச்சு விட ஒரு எடம்ங்குறதே போதுமான காரணமா இருக்கலாம், ஆனா தண்ணிக் கணக்க அதுல ஒட்ட வைக்காதீங்க. நிலத்தடி நீர்னா இன்னும் சிக்கல், மழை எறங்குற எடம் ஒரு பக்கம், போர் போடுற எடம் ஒரு பக்கம், அதுக்கு நீரியல் தெரிஞ்ச ஆள் எழுதுன அறிக்கை இல்லாம பேசவே கூடாது.

காடு வந்தா சுத்தி நெலம் வெல ஏறும், வரி கூடும், போட்ட காசு திரும்பி வந்துடும்னும் சொல்லுவாங்க. வெல ஏறுறது உண்மைதான் பல எடத்துல. ஆனா ஏறுற நெலம் யாரோட எல்லையில இருக்கு? காடு எல்லைக்கு வெளியில இருந்துச்சுன்னா அந்தச் சொத்து வரி பக்கத்து ஊர் கணக்குக்குப் போகும், காசு போட்டது நீங்க, வரி வாங்குறது அவங்க. அப்ப அந்த ஊரும் பங்கு போடணும்னு கேக்க இது நல்ல பிடி, விட்டுடாதீங்க.

யாரு அங்க போறாங்கன்னு எண்ணுங்க. இதுக்குப் பெரிய ஆய்வெல்லாம் வேணாம், நாலு பேரு நோட்டும் பேனாவுமா ரெண்டு வார நாள், ரெண்டு ஞாயித்துக்கெழம வாசல்ல நின்னு எந்த ஊர்லருந்து வர்றீங்கன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாப் போதும், மழை நாள்லயும் ஒரு தடவ எண்ணுங்க, இல்லன்னா கணக்கு கோணிக்கும். நூறு பேர்ல எழுபது பேர் நகரத்து ஆளுங்கன்னா அந்தப் பாதை தேயுறதுக்கும் குப்ப சேர்றதுக்கும் நகரம்தான் பெரும்பாலான காரணம், ஒன்னும் குடுக்க மாட்டேன்னு சொல்ல வாய் வராது. அப்படி எண்ணும்போது யாரு வரலைன்னும் பாருங்க. வண்டி இல்லாத வார்டுகள்லருந்து ஒரு ஆள் கூட இல்லைன்னா, அவங்க வரியையும் சேத்துத்தான் காரு வச்சிருக்கவன் நடக்குற பாதைக்குக் குடுக்குறீங்க. பஸ் விடுங்க, இல்ல அந்த வார்டுல ஒரு சின்னப் பூங்காவுக்கும் அதே தீர்மானத்துல காசு ஒதுக்குங்க, ரெண்டும் இல்லன்னா அந்தக் கவுன்சிலர் எதிர்த்து ஓட்டுப் போடுறதுல தப்பே இல்ல. நுழைவுக் கட்டணம் வச்சு சமாளிக்கலாமேன்னு யாராவது கேப்பாங்க, வைக்கலாம், ஆனா டிக்கெட் கொடுக்குற ஆளுக்குச் சம்பளம் போக என்ன மிஞ்சுதுன்னு பாத்துட்டுப் பேசச் சொல்லுங்க.

எல்லைக்கு வெளியில காசு போடுறது சட்டத்துக்கே ஒத்து வராதுன்னு ஒருத்தர் எந்திரிப்பாரு, எப்பவும் எந்திரிப்பாரு. சில எடத்துல நகராட்சிச் சட்டம் நெஜமாவே தடுக்கும், அத மொதல்லயே நகராட்சி வக்கீல்கிட்ட எழுத்துல வாங்கிடுங்க. ஆனா இது கேள்விப்படாத விஷயமெல்லாம் இல்ல. லண்டன் நடுவுல இருக்குற பழைய நகரப் பகுதிய மட்டும் நிர்வாகம் பண்ற லண்டன் சிட்டி கார்ப்பரேஷனோட சொந்த எல்லை ஒரு சதுர மைல் சொச்சம்தான், ஆனா 1878-ல வந்த சட்டத்துப்படி எப்பிங் காட்ட அதுதான் இன்னிக்கும் பாத்துக்குது, 2,400 ஹெக்டேர், முழுக்க அதோட எல்லைக்கு வெளியில. நிலக்காரங்க அந்தக் காட்ட வேலி போட்டு வளைச்சுக்கிட்டு இருந்த காலத்துல தலையிட்டுத் தடுத்தது இந்தக் கார்ப்பரேஷன்தான். ஆனா அவங்ககிட்ட பல நூத்தாண்டா சேந்த சொந்த நிதி ஒன்னு இருக்கு, உங்க நகராட்சிக்கிட்ட அது இருக்காது. அதான் அடுத்த கேள்வி.

காசு எங்கருந்து? பொது பட்ஜெட்டுலருந்து வருஷா வருஷம் குடுக்குறதுதான் சுலபம், ஆனா வெட்டுறதும் சுலபம், வரும்படி கொறைஞ்ச வருஷம் மொதல் வெட்டு காட்டுக்குத்தான் விழும். கடன் பத்திரம் போட்டுத் திரட்டுனா நிலம் வாங்கலாம், ஆனா காவலாளி சம்பளத்த கடன் வாங்கிக் குடுக்குறது வட்டிக்கு வாங்கி சோறு திங்குற மாதிரி. தனி வரி போட்ட ஊர் இருக்கு. கொலராடோவுல போல்டர் நகரத்துல 1967-ல மக்களே ஓட்டுப் போட்டு ஒரு சதவீத விற்பனை வரிய ஏத்துக்கிட்டாங்க, அதுல 0.4 சுத்தி இருக்குற பசுமை நிலத்துக்கு, 0.6 ரோடு போக்குவரத்துக்கு. அதாவது காடா ரோடான்னு சண்ட போடாம ரெண்டையும் ஒரே ஓட்டுல கட்டிட்டாங்க, அந்த மூளைக்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

தனி வரின்னா நிரந்தரம்னும் நெனைக்காதீங்க. டெக்சஸ்ல சான் அன்டோனியோ 2000-லருந்து நூறு டாலர் விற்பனைக்கு பன்னெண்டரை சென்ட் வரி போட்டு தன் நிலத்தடி நீர் ஊறுற நெலங்களக் காப்பாத்துச்சு, அதுல நெறைய நகர எல்லைக்கு வெளியில. பெரும்பாலும் நெலத்தையே வாங்காம, இதுல கட்டடம் கட்டுற உரிமைய மட்டும் சொந்தக்காரங்ககிட்டருந்து வாங்குனாங்க, விவசாயம் அவங்களே பாத்துக்கலாம், வேலி பராமரிப்பும் அவங்க தலைல. செலவு கம்மி, நல்ல வழி. மூணு தடவ மக்கள் அந்த வரிய நீட்டிச்சாங்க, 2020-ல அத வேலைப் பயிற்சிக்கும் பஸ்ஸுக்கும் மாத்திட்டாங்க, தண்ணித் திட்டத்துக்கு வேற வழி தேட வேண்டியதாச்சு. உரிமை பத்திரத்துல பதிஞ்ச நெலம் தப்பிச்சுது. பாத்துக்கோங்க, வரி மாறும், பத்திரம் மாறாது.

எனக்குப் புடிச்சது தென் அமெரிக்காவுல எக்வடாரோட தலைநகரம் கீட்டோ பண்ண மாதிரி. 2000-ல தண்ணி வர்ற மலைகளக் காப்பாத்த 80 வருஷத்துக்குன்னு ஒரு ட்ரஸ்ட் வச்சாங்க, குடிநீர் நிறுவனம் தன் வருமானத்துல 2 சதவீதத்த அதுல போடணும்னு பின்னாடி விதியே கொண்டு வந்தாங்க. மேயர் மாறுனாலும் ட்ரஸ்ட் மாறாது. இந்த மாதிரி முதல் போட்டு வர்றத மட்டும் செலவழிக்கிறதா இருந்தா, நூறு போட்டா வருஷத்துக்கு நாலுக்கு மேல எடுக்காம இருந்தாத்தான் முதல் கரையாம நிக்கும்னு ஒரு பழைய கைக்கணக்கு இருக்கு. அப்ப வருஷப் பராமரிப்பு எவ்ளோவோ அத இருபத்தஞ்சால பெருக்கிப் பாருங்க, அவ்ளோ முதல் வேணும். அந்த எண்ணப் பாத்து கூட்டமே அமைதியாயிடும், நான் பாத்திருக்கேன்.

கடைசியா ஒப்பந்தம். காசு குடுத்தா நிர்வாகக் குழுவுல ஒரு நாற்காலி, வருஷா வருஷம் ஆடிட், அந்த நெலத்த வித்தாலோ வேற வேலைக்கு மாத்துனாலோ போட்ட காசு திரும்பி வரணும், இவ்ளோவும் எழுத்துல. அதே நேரம் அந்தப் பக்கத்து ஊர்க்காரங்க நெலமையும் யோசிங்க. நியூயார்க்குக்கு அணை கட்டுறதுக்காக ஒரு காலத்துல மேல இருந்த கிராமங்களையே காலி பண்ணாங்க, அந்தக் கோவம் அங்க இன்னும் ஆறல. அதனாலதான் 1997 ஒப்பந்தத்துல விருப்பமா விக்கிறவங்ககிட்ட மட்டும்தான் நெலம் வாங்கணும், வாங்குன நெலத்துக்கு நகரம் அந்த ஊருக்குச் சொத்து வரி கட்டணும்னு வச்சாங்க. காசு நம்மளுதுங்குற திமிரு வந்துச்சுன்னா மேல இருக்குறவங்க ஒரு ஓடைய அசிங்கம் பண்ணாலே போதும், கத கந்தல்.

வேணாம்னு சொல்ல வேண்டிய எடமும் இருக்கு. பராமரிப்பு ப்ளான் இல்ல, வெறும் கட்டடத்துக்கு மட்டும் கேக்குறாங்க, மத்த ஊர் எதுவும் ஒரு காசு போடல, வருஷக் கணக்கக் காட்ட மாட்டேங்குறாங்க, இதுல ரெண்டு இருந்தாலே நான் வேணாம்னு சொல்லிட்டு அடுத்த வருஷம் திருத்திக் கொண்டு வாங்கன்னு அனுப்பிடுவேன். காட்டுக்கு எதிரின்னு பேரு வரும், வந்தா வரட்டும். ஒரு விதிவிலக்கு, நாளைக்கே அந்த நெலம் ப்ளாட் போடப் போகுதுன்னு நெஜமாவே இருந்தா காத்திருக்க முடியாது, அப்ப வாங்குறதுக்கு மட்டும் ஓட்டுப் போட்டுட்டு பராமரிப்புக் கணக்கு ஆறு மாசத்துல வரணும்னு அதே தீர்மானத்துல ஒரு வரி சேக்கச் சொல்லுங்க. ஆனா அந்த "நாளைக்கே" உண்மையான்னு பதிவு ஆபீஸ்ல ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வாங்க, இந்த அவசரம் பாதி நேரம் வாயிலதான் இருக்கும்.

கூட்டத்துல பேச மூணு நிமிஷம்தான் குடுப்பாங்க. காட்டோட அழகப் பத்தி பேசி அத வீணாக்காதீங்க, அதுக்கு ஆள் இருக்காங்க. அஞ்சாவது வருஷப் பராமரிப்பு எவ்ளோ, அதுல நம்ம பங்கு எவ்ளோ, பக்கத்து ஊர் பங்கு எவ்ளோ, பதில் எந்தப் பக்கத்துல இருக்குன்னு கேட்டுட்டு உக்காந்துடுங்க. மிச்ச நேரத்த பதில் சொல்றவங்களுக்கு விட்டுடுங்க.