கலங்கரை விளக்கம்: கரையில் நின்று பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

முதல் தவறு பெயரிலேயே ஆரம்பிக்கிறது. கலங்கரை என்றதும் கலம், கரை என்று பிரித்து, கரையில் நிற்கும் விளக்கு என்று பொருள் கொள்கிறோம். இங்கே கரை என்பது கடற்கரை இல்லை. காகம் கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல். கலத்தைக் கூப்பிடும் விளக்கம் என்று அர்த்தம். துறைமுக வாயிலில் நிற்கும் விளக்குக்கு இது அழகாகப் பொருந்தும். பாறையும் செங்குத்துச் சரிவுமாக இருக்கும் கடலோரத்திலோ கதை தலைகீழ். அங்கே நிற்கும் பழைய கோபுரங்களில் பல, “கிட்டே வராதே, விலகிப் போ” என்று சொல்வதற்காகவே கட்டியவை. இதை மனதில் வைத்துக்கொண்டு, கடலில் இருப்பவரின் கண்ணால் பார்த்தால்தான் மற்ற விஷயங்களும் புரியும்.

உயரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு உயரத்தில் கட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்கும் அதைத்தான் சொல்கிறது: விளக்கின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.08 ஆல் பெருக்கினால், அங்கிருந்து தொடுவானம் எத்தனை கடல் மைல் என்று வந்துவிடும். 100 மீட்டர் உயரம் என்றால் கிட்டத்தட்ட 21 கடல் மைல். இந்தக் கணக்கை நம்பிக் கட்டியவர்களே ஏமாந்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் பாயின்ட்டில் 1860 இல் ஏற்றிய விளக்கு கடல்மட்டத்திலிருந்து 238 மீட்டர் மேலே இருந்தது. வானம் தெளிவாக இருந்தால் ரொம்ப தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். கப்பல்கள் அதைப் பார்த்த தைரியத்தில் முனையை ஒட்டியே திரும்பும். மூடுபனி வந்தாலோ விளக்கு மேகத்துக்குள், கப்பல் மேகத்துக்குக் கீழே. 1911 இல் லூசிடேனியா என்ற போர்த்துகீசியப் பயணிகள் கப்பல் அங்குள்ள பெல்லோஸ் பாறையில் மோதியது. (ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்த லூசிடேனியா வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.) அதற்கப்புறம்தான், 1919 இல், வெறும் 87 மீட்டர் உயரத்தில் புதிய விளக்கு எரிந்தது.

கலிபோர்னியாவின் பாயின்ட் லோமாவிலும் இதே கதை. 1855 இல் குன்றின் உச்சியில் ஏற்றிய விளக்கைத் தாழ்ந்த மேகமும் பனியும் மறைத்துக்கொண்டே இருந்ததால், 1891 இல் அதை அணைத்துவிட்டுக் கீழே இன்னொன்று கட்டினார்கள். அதே கடலோரத்தில் வடக்கே இருக்கும் பாயின்ட் ரெய்ஸில், 1870 இல், முதலிலேயே யோசித்துப் பனிக்குக் கீழே வைத்துவிட்டார்கள். அந்தக் கோபுரம் 11 மீட்டர்தான். பார்க்கப் போகிறவர்கள் முந்நூற்றுச் சொச்சம் படி இறங்க வேண்டும். “இவ்வளவு குட்டையா?” என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுத் திரும்பாதீர்கள். அந்தக் குட்டைதான் அதன் சாமர்த்தியம்.

அடுத்தது, கதைகளை அப்படியே நம்புவது. ஸ்காட்லாந்துக்கு மேற்கே உள்ள ஃபிளனன் தீவில் 1900 டிசம்பரில் மூன்று காவலர்கள் காணாமல் போனது நிஜம். பாதி சாப்பிட்ட தட்டு, கவிழ்ந்த நாற்காலி என்று எல்லோரும் சேர்த்துச் சொல்கிறார்களே, அது 1912 இல் வந்த ஒரு கவிதையின் கற்பனை. முதலில் உள்ளே போய்ப் பார்த்த காவலர் எழுதியதோ, சமையல் பாத்திரங்கள் சுத்தமாகக் கழுவியிருந்தன என்று. எனக்கு அந்தக் கட்டுக்கதையைவிட விசாரணை அறிக்கையில் உள்ள ஒரு வரிதான் திகிலூட்டுகிறது: கடல்மட்டத்திலிருந்து சுமார் 33 மீட்டர் உயரத்தில், பாறைப் பிளவில் செருகி வைத்திருந்த கயிற்றுப் பெட்டி அங்கே இல்லை. அவர்களைப் பெரிய அலை அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும் என்பதே அறிக்கையின் முடிவு.

பாறைக் கரைகளில் இன்றும் ஆளைக் கொல்லும் தவறு இதுதான். கால்மணி நேரம் கடல் அமைதியாக இருக்கிறதே என்று நம்பி, விளக்கு பின்னணியில் வரும்படி விளிம்புக்குப் போய், கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பது. அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. சின்னதாக நிறைய வந்த பிறகு, பெரியதாக நாலைந்து சேர்ந்து வரும். பாறை எதுவரை கறுத்து ஈரமாக இருக்கிறதோ அதுவரை அலை வந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். காய்ந்த பாறையிலும் பல அடி மேலே நில்லுங்கள். நீர் வற்றும்போது நடந்து போகக்கூடிய திட்டில் விளக்கு இருந்தால், ஓத நேரம், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரம், பார்க்காமல் இறங்கக் கூடாது.

வண்ணப் பட்டைகளை அலங்காரம் என்று நினைப்பது சின்னத் தவறு. பகலில் கோபுரமே அடையாளம் என்பதால்தான் அந்தப் பூச்சு. இங்கிலாந்தின் பீச்சி ஹெட்டில் பின்னால் இருப்பது வெள்ளைச் சுண்ணாம்புச் செங்குத்து. அதன் முன்னால் வெள்ளைக் கோபுரம் நின்றால் யாருக்குத் தெரியும்? அதனால் சிவப்புப் பட்டை.

உள்ளே ஏறுகிறவர்கள் பெரிய விளக்கைத் தேடி ஏமாறுவார்கள். எரிவது சின்னது. அதைச் சுற்றி, வளையலுக்குள் வளையல் அடுக்கியதுபோல் பட்டகக் கண்ணாடிகள். ஆளைவிட உயரமான கூண்டாகக்கூட இருக்கும். பிரெஞ்சுக்காரர் ஃபிரெனெல் வடிவமைத்த இந்த முறை 1823 இல் பிரான்ஸின் கோர்துவான் விளக்கில் முதலில் ஒளிர்ந்தது. இன்னொன்று: பழைய சுழல் விளக்குகளில் விளக்கு அணைந்து அணைந்து எரிவதில்லை. அது எரிந்துகொண்டே இருக்கும், கண்ணாடிக் கூண்டுதான் சுற்றும். ஒளிக்கற்றை நம் பக்கம் திரும்பும் கணம் நமக்கு மின்னல். கூண்டைச் சுற்ற வைத்தது கடிகார இயந்திரம். அதை இழுக்கும் எடைக்கல் பல கோபுரங்களில் நடுவே உள்ள வெற்றிடத்தில் இறங்கும். மாடிப்படி சுவரை ஒட்டியே சுற்றிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். காவலர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை சாவி கொடுத்து அந்த எடையை மேலே ஏற்ற வேண்டும், ராத்திரி முழுக்க. பகலில் திரை போட்டிருந்தால் விலக்காதீர்கள். வெளிச்சத்தை வெளியே குவிக்கும் அதே கண்ணாடி, வெயிலை உள்ளே குவித்துத் தீ வைத்துவிடும்.

எனக்கு ரொம்ப வருத்தம் தரும் தவறு, பகலில் வந்து படம் பிடித்துவிட்டு இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவது. விளக்கு பேசுவதே இரவில்தான். தென்மேற்கு இங்கிலாந்தில் லிசர்ட் விளக்கு 3 விநாடிக்கு ஒருமுறை மின்னும். உல்ஃப் ராக் 15 விநாடிக்கு ஒருமுறை. எடிஸ்டோன் 10 விநாடிக்கு ஒருமுறை, அடுத்தடுத்து இரண்டு மின்னல் கொண்ட தொகுதியாக. மாலுமி இதை எண்ணித்தான் எது எந்த இடம் என்று பிரித்தறிவார். நீங்களும் எண்ணிப் பாருங்கள். ஒரு தொகுதியின் முதல் மின்னல் தொடங்கும்போது கைப்பேசியில் விநாடியை ஓடவிட்டு, அடுத்த தொகுதியின் முதல் மின்னலில் நிறுத்த வேண்டும். வெளிச்சம் அணைந்ததிலிருந்து எண்ணினால் கணக்கு தப்பிவிடும்.

கடைசியாக, நிற்கும் இடமே பழைய இடம் என்று நினைக்காதீர்கள். அதே தென்மேற்கு இங்கிலாந்தின் பிளிமத் கரையில், புல்வெளி நடுவே, சிவப்பும் வெள்ளையுமாக, பொறியாளர் ஸ்மீட்டன் கட்டிய கோபுரம் இருக்கிறது. 1759 இல் அது எரியத் தொடங்கியது அங்கே இல்லை. 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, நடுக்கடலில், எடிஸ்டோன் பாறைமேல். கருங்கற்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் கட்டிய கோபுரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அடியிலிருந்த பாறையை அலை அரித்துவிட்டது. 1882 இல் பக்கத்துப் பாறையில் புதுக் கோபுரம் எழுந்ததும், பழையதன் மேல்பகுதியைக் கல் கல்லாகப் பிரித்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அடிப்பாகம் பெயர்க்க முடியாமல் அங்கேயே நின்றுவிட்டது. வானம் தெளிந்த நாளில் பிளிமத்திலிருந்து தெற்கே பார்த்தால் புதுக் கோபுரம் ஊசிபோல் தெரியும். பக்கத்தில் பழையதன் அந்த அடிக்கட்டை.