பத்து நிமிடம், ஒரு பென்சில், ஒரு கொப்பி: வேதம் (பைபிள்) வாசிக்கத் தொடங்குவோருக்கு

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஞாயிறு பாடசாலை நடத்துகிறேன். பிள்ளைகளைக் கூட்டிவரும் இளம் தாய்மார் பலரும் கேட்பது ஒன்றைத்தான்: "அக்கா, நானும் தினமும் வேதத்தைத் திறக்கிறேன். மனதில் ஒன்றும் நிற்பதில்லையே, எப்படித்தான் வாசிப்பது?" அவர்களுக்கு வாயால் சொல்லிவந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

1. நேரம்

பிரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போகிற பெண்ணுக்கு விடியற்காலை முழுவதும் ரொட்டி சுடுவதிலும் பிள்ளைகளை வெளிக்கிடுத்துவதிலும் போய்விடும். அவளிடம் அதிகாலையில் ஒரு மணி நேரம் தியானம் செய் என்று சொல்வது நியாயமில்லை. பத்து நிமிடம் போதும். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, முகம் கழுவி, பிளேன்டீ குடிக்கிற நேரமாகவும் இருக்கலாம். லயத்துக் காம்பிராவில் (வரிசை வீட்டின் அறையில்) தனிமை கிடைக்காது. இஸ்தோப்பின் (முன் திண்ணையின்) ஒரு மூலை கிடைக்கும். நேரமும் இடமும் நாளுக்கு நாள் மாறாமல் இருந்தால் வீட்டாரே உங்களை அந்தப் பத்து நிமிடம் விட்டுவிடப் பழகிவிடுவார்கள்.

2. எந்தப் புத்தகம்?

ஜனவரி முதலாம் திகதி முதல் புத்தகமான ஆதியாகமத்தில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் சட்டங்கள் நிறைந்த லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள். ஆகவே ரூத் புத்தகத்தில் தொடங்குங்கள் என்பேன். நான்கே அதிகாரம், 85 வசனம். நாளுக்குப் பத்து வசனம் வாசித்தால் ஒன்பது நாளில் முடிந்துவிடும்.

ரூத்தைச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. பஞ்சம் வந்தது, ஒரு குடும்பம் பிழைப்புத் தேடிப் பெத்லகேமை விட்டு மோவாபுக்குப் போனது என்றுதான் அந்தக் கதை தொடங்குகிறது. பஞ்சத்தால் தமிழ்நாட்டுக் கிராமங்களை விட்டுப் புறப்பட்டு, மன்னாரில் இறங்கி, மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்துவந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இந்தக் கதையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

3. வாய்விட்டு இரண்டு தரம்

முதல் தரம் கதைக்காக வாசியுங்கள். இரண்டாம் தரம் பென்சிலோடு மெதுவாக வாசித்து, விளங்காத சொல்லுக்கு அடியில் கோடிடுங்கள். நமது சபைகளில் பெரும்பாலும் இருப்பது பழைய மொழிபெயர்ப்பு. அதன் தமிழ் 19ஆம் நூற்றாண்டுத் தமிழ். "ஒத்தாசை" என்றால் உதவி. "தாழ்ச்சியடையேன்" என்றால் எனக்கு ஒரு குறையும் வராது. கத்தோலிக்க வீடுகளில் 1995இல் வெளிவந்த திருவிவிலியம் இருக்கும். பக்கத்துக் காம்பிராவில் அது இருந்தால் இரவல் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள்; பாதிச் சந்தேகம் அப்போதே தீர்ந்துவிடும்.

4. கேள்வி கேளுங்கள்

வாசிப்பில் உயிர் இருப்பது இந்தப் படியில்தான். "இது எனக்கு என்ன சொல்கிறது?" என்று உடனே கேட்க வேண்டாம். இங்கே யார் யார் இருக்கிறார்கள், யார் கையில் அதிகாரம் இருக்கிறது, யார் என்ன சொன்னார்கள் என்று முதலில் பாருங்கள். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் அம்மா. முப்பது வருடத்துக்குக் கிட்டக் கொழுந்து பறித்தவர். எழுத்துக் கூட்டத்தான் தெரியும்.

ஒருநாள் ரூத் இரண்டாம் அதிகாரத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். விதவையான ரூத், அந்நிய தேசத்துப் பெண், அறுக்கிறவர்களுக்குப் பின்னால் கதிர் பொறுக்குகிறாள். வயலுக்குச் சொந்தக்காரனான போவாஸ் வந்து, அந்தப் பெண் யார் என்று வேலையாட்கள்மேல் வைக்கப்பட்டவனிடம் விசாரிக்கிறான். பழைய மொழிபெயர்ப்பில் அவனுக்குப் பெயர் "கண்காணி". நமது தோட்டங்களில் வேலையாட்களை மேற்பார்க்கிறவரையும் அப்படித்தான் சொல்வோம். அந்தச் சொல் காதில் விழுந்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டார். காலையிலிருந்து இந்நேரம் வரைக்கும் அவள் இங்கேதான் இருக்கிறாள், சற்று நேரம்தான் குடிசையில் இருந்தாள் என்று அவன் சொன்னதை வாசித்தேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவள் செய்த வேலையை மறைக்காமல் சொல்லியிருக்கிறானே" என்றார்.

எத்தனையோ பிரசங்கங்களில் ரூத்தைப் பற்றியும் போவாஸைப் பற்றியும் கேட்டிருக்கிறேன். அந்தக் கண்காணியின் நேர்மையைப் பற்றி ஒருவரும் சொன்னதில்லை. வேலை செய்தும் பேர் விழாமல் (அன்றைய வேலை கணக்கில் பதியப்படாமல்) போன நாட்களை அறிந்தவருக்குத்தான் அது கண்ணில் பட்டது.

அம்மா இன்னொன்றும் கேட்டார்: "சாயங்காலம் எவ்வளவு கண்டது?" சிரிக்கத்தான் போனேன். ஆனால் 17ஆம் வசனத்தில் பதில் இருக்கிறது: ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை. வேதம் அந்த அளவைக்கூட விட்டுவிடவில்லை. ஒரு பெண்ணின் ஒருநாள் உழைப்புக்குக் கணக்கு எழுதிவைத்திருக்கிறது. எனக்கு அன்று அழுகை வந்துவிட்டது.

சிந்திய கதிரைச் சொந்தக்காரன் பொறுக்கக்கூடாது, அதையும் ஓரத்துக் கதிரையும் ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்ற சட்டம் லேவியராகமம் 19:9, 10இல் இருக்கிறது. பலர் பாதியில் கைவிடும் அதே புத்தகத்தில்! ரூத்தை வாசித்துவிட்டு அந்த இடத்துக்குப் போனால் சட்டம் வறண்டதாகத் தோன்றாது.

5. ஒரு வரி எழுதுங்கள்

எண்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். திகதி, அதிகாரம், ஒரே ஒரு வரி. "ஆண்டவர் நல்லவர்" போன்ற பொதுவான வரி வேண்டாம்; இன்று செய்யக்கூடிய ஒன்றாக இருக்கட்டும். அந்தக் கண்காணியைப் பற்றி எழுதிய நாளில் என் வரி: "மற்றவர் செய்த வேலையை மறைக்காமல் சொல்வேன்." அந்த வாரம் கிறிஸ்மஸ் ஒளிவிழா முடிந்ததும் மேடை அலங்காரத்துக்காக எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். இரவு கண்விழித்து அதைச் செய்தவள் வேறொரு தங்கை. அவளை முன்னால் அழைத்துப் பெயரைச் சொன்னேன். கொப்பியில் எழுதியிராவிட்டால் வாய் மூடி நின்றிருப்பேன்.

6. வசனத்தைத் தனியே பிய்க்காதீர்கள்

புத்தாண்டு ஆராதனையில், ஆளுக்கொரு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுப்போம். எரேமியா 29:11 கிடைத்தால் மகிழ்ச்சி: நன்மைக்கான நினைவுகளே உங்கள்மேல் வைத்திருக்கிறேன் என்கிறார் கர்த்தர். நல்ல வசனம்தான். ஆனால் அது யாருக்கு எழுதப்பட்டது? பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. அதற்கு முந்தைய வசனத்தில் எழுபது வருடம் என்று இருக்கிறது. 5ஆம் வசனத்தில், வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்று இருக்கிறது.

இந்த மாதமே எல்லாம் சரியாகிவிடும் என்று அதைப் பிடித்துக்கொண்டு, ஆகாதபோது விசுவாசத்தையே விட்டவர்களை எனக்குத் தெரியும். முழுக் கடிதத்தையும் வாசித்தால் கிடைக்கும் ஆறுதல் வேறு வகையானது, உறுதியானது. 1948இல் குடியுரிமை பறிபோன பிறகும் இந்த மண்ணிலேயே பிள்ளை வளர்த்து, கோயில் கட்டி, மரம் நட்டு வாழ்ந்த நம் பெரியவர்களுக்கு அந்தக் கடிதம் பொருந்தும். ஆகவே எந்த வசனம் பிடித்தாலும் அதற்கு முன்னும் பின்னும் பத்து வசனம் வாசியுங்கள்.

விட்டுப்போன நாட்கள்

விட்டுப்போகும். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், கரண்ட் போகும். விட்டதைச் சேர்த்து வாசிக்க முயல வேண்டாம்; நிறுத்திய இடத்திலிருந்து தொடருங்கள். மனம் கசந்திருந்தால் அதையும் ஆண்டவரிடம் சொல்லலாம். ரூத்தின் மாமியார் நகோமி தன்னை மாராள், அதாவது கசப்பு, என்று அழைக்கச் சொன்னாள். அதற்காக அவளை யாரும் கண்டிக்கவில்லை. அப்பா இறந்த ஆண்டில் என்னைத் தாங்கிய இடம் அதுதான்.

அடுத்து

ரூத் முடிந்ததும் மாற்கு சுவிசேஷம், 16 அதிகாரம். கூடவே 120 முதல் 134 வரையுள்ள ஆரோகண சங்கீதங்களை நாளுக்கு ஒன்றாக வாசியுங்கள். 121ஐ மட்டும் இரண்டு மொழிபெயர்ப்பிலும் பாருங்கள். பழையதில் ஒத்தாசை பர்வதங்களிலிருந்தே வருவதுபோல் தொனிக்கும். திருவிவிலியத்தில் அது கேள்வி: மலைகளைப் பார்க்கிறேன், எனக்கு உதவி எங்கிருந்து வரும்?

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மேட்டின் கீழே வாழ்கிற நமக்கு அந்தக் கேள்விக்குறியின் கனம் தெரியும். மழை விடாத இரவுகளில் அம்மா அந்தச் சங்கீதத்தை வாசிக்கச் சொல்வார். முதல் வசனத்தில் நிறுத்தாமல், வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரைச் சொல்லும் இரண்டாம் வசனத்தையும் ஒரே மூச்சில் வாசித்துவிடுவேன்.