லினக்ஸில் என்விடியா டிரைவர் ஏறவில்லையா? எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

டிரைவரைப் போட்டு ரீஸ்டார்ட் செய்தால் திரை கறுப்பாக நிற்கிறது. அல்லது திரை வருகிறது, ஆனால் கார்டு இருப்பதாகவே சிஸ்டத்துக்குத் தெரியவில்லை. உடனே பலரும் வேறு பதிப்பை இறக்கிப் போடுவார்கள். அதுவும் சரிவராவிட்டால் இன்னொன்று. கடைசியில் எல்லாப் பதிப்புகளின் மிச்சமும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும். பதிப்பை மாற்றுவதற்கு முன் டிரைவர் எந்தப் படியில் நின்றது என்று பார்த்துவிட்டால், பெரும்பாலும் மாற்ற வேண்டிய தேவையே வராது.

இது உபுண்டுவுக்கும் அதைச் சார்ந்த மின்ட் போன்றவற்றுக்கும். டெர்மினல் திறக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

ஏஎம்டி, இன்டெல் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இங்கே வேலை இல்லை. அவற்றின் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே (லினக்ஸின் மையப் பகுதி) இருக்கிறது, மேல் அடுக்கை மெசா என்ற திறமூல கிராஃபிக்ஸ் தொகுப்பு பார்த்துக்கொள்ளும். சிஸ்டத்தை அப்டேட் செய்து வைத்தாலே பொதுவாகப் போதும்.

படி 1: கார்டு யார் கையில் இருக்கிறது?

எல்எஸ்பிசிஐ -என்என்கே

நீளமாகக் கொட்டும். அதில் ‘விஜிஏ’ அல்லது ‘3டி கன்ட்ரோலர்’ என்று தொடங்கி என்விடியா பெயர் வரும் வரியைத் தேடுங்கள் (லேப்டாப்பில் பெரும்பாலும் 3டி என்றுதான் இருக்கும்). அதற்குக் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்றொரு வரி. அங்கே நூவோ என்றிருந்தால் கார்டு இன்னும் திறமூல டிரைவரிடம் இருக்கிறது. என்விடியா என்றிருந்தால் டிரைவர் ஏறிவிட்டது, சிக்கல் வேறெங்கோ. அந்த வரியே இல்லையென்றால் எதுவும் ஏறவில்லை. அடுத்து வரும் ‘கெர்னல் மாட்யூல்ஸ்’ வரியைப் பார்த்து ஏமாற வேண்டாம் (மாட்யூல் என்பது கெர்னலில் தேவைப்படும்போது ஏற்றும் துண்டு, டிரைவரும் அப்படி ஒன்றுதான்). அது ஏறக்கூடியவற்றின் பட்டியல்தான், ஏறியதல்ல.

படி 2: ரெப்போவிலிருந்து (உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியம்) மட்டும் போடுங்கள்

நிறுவனத் தளத்தில் கிடைக்கும் ‘.ரன்’ கோப்பை நான் யாருக்கும் சொல்வதில்லை. அது ஆப்ட்டுக்கு, அதாவது தொகுப்புகளை நிர்வகிக்கும் கருவிக்கு, தெரியாமல் கோப்புகளை வைத்துவிட்டுப் போகும். டிகேஎம்எஸ்ஸில் (புதுக் கெர்னல் வரும்போதெல்லாம் மாட்யூலைத் தானே மறுபடி பில்ட் செய்யும் கருவி) சேர்க்காமல் போட்டிருந்தால் அடுத்த கெர்னல் அப்டேட்டிலேயே டிரைவர் காணாமல் போகும். ஏற்கெனவே போட்டிருந்தால் முதலில் இதை ஓட்டி நீக்குங்கள்:

சூடோ என்விடியா-அன்இன்ஸ்டால்

அப்புறம் இந்த இரண்டும்:

உபுண்டு-டிரைவர்ஸ் டிவைசஸ்
சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்

முதல் கட்டளை காட்டும் பட்டியலில் ‘ரெக்கமண்டட்’ என்று ஒன்றின் பக்கத்தில் இருக்கும். இரண்டாவது, பொருத்தமானதைத் தானே தேர்ந்து போட்டுவிடும். மின்ட்டில் டிரைவர் மேனேஜர் இதையே கிளிக்கில் செய்யும்.

எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம். கெப்லர் என்ற பழைய தலைமுறைக் கார்டுகளுக்கு 470தான் கடைசி டிரைவர் வரிசை. மேக்ஸ்வெல், பாஸ்கல் வகையினருக்கு, அதாவது ஜிடிஎக்ஸ் 900, 1000 தொடர்களுக்கு, 580 கடைசி. எதிர்ப்பக்கம், ஆர்டிஎக்ஸ் 50 தொடரில் பெயரின் முடிவில் ‘ஓப்பன்’ என்று வரும் தொகுப்பு மட்டுமே வேலை செய்யும். 2022 மே மாதம் என்விடியா திறந்துவிட்ட கெர்னல் மாட்யூல் அது. டூரிங் தலைமுறைக்கு முந்தைய கார்டுகளில் ஓடாது.

படி 3: மாட்யூல் பில்ட் ஆனதா?

டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்
யுநேம் -ஆர்

முதல் வெளியீட்டில், இரண்டாவது காட்டும் அதே கெர்னல் எண்ணுக்கு எதிரே ‘இன்ஸ்டால்ட்’ என்றிருக்க வேண்டும். வெறும் ‘ஆடட்’ என்றிருந்தால் இன்னும் பில்ட் ஆகவில்லை. பெரும்பாலும் அந்தக் கெர்னலுக்கான ஹெடர்கள் (பில்ட் செய்யத் தேவையான கோப்புகள்) இல்லாததுதான் காரணம். லினக்ஸ்-ஹெடர்ஸ் தொகுப்பை அதே எண்ணோடு சேர்த்துப் போடுங்கள்.

டிகேஎம்எஸ் எதுவுமே காட்டாவிட்டால் பதற வேண்டாம். உபுண்டு சில சமயம் முன்கூட்டியே பில்ட் செய்து, தானே கையொப்பமிட்ட மாட்யூலைத் தரும். அப்படியென்றால் அடுத்த படியும் உங்களுக்குத் தேவையில்லை.

படி 4: செக்யூர் பூட்

என்னை நிறுத்தியது இந்த இடம்தான். இன்ஸ்டால் பிழையின்றி முடியும், டிகேஎம்எஸ்ஸும் சரி என்னும், கார்டு மட்டும் அசையாது. கையால் ஏற்றிப் பாருங்கள்:

சூடோ மோட்ப்ரோப் என்விடியா

‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்று வந்தால் காரணம் கிடைத்துவிட்டது. செக்யூர் பூட் இயங்கும்போது, தனக்குத் தெரிந்த சாவியால் கையொப்பமிடாத எந்த மாட்யூலையும் கெர்னல் உள்ளே விடாது. உங்கள் கம்ப்யூட்டரிலேயே பில்ட் ஆன மாட்யூலுக்கு உங்கள் கம்ப்யூட்டரே ஒரு சாவியை உருவாக்கிக் கையொப்பமிடுகிறது. அந்தச் சாவியை நீங்கள் நேரில் நின்று ஏற்றுக்கொள்ள வேண்டும். மோக் என்பது அந்தச் சாவிதான்.

இன்ஸ்டால் நடுவே ஒரு கடவுச்சொல் கேட்டதே, அது இதற்காகத்தான். லாகின் கடவுச்சொல் வேண்டாம். ஒரே ஒரு முறை பயன்படப் போகிறது, எளிதாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிய எழுத்தும் எண்ணும் மட்டும் போதும், ஏனென்றால் அடுத்து வரும் திரை அமெரிக்க விசைப்பலகை அமைப்பில்தான் இயங்கும். சிறப்புக் குறிகள் இடம் மாறிவிடும்.

ரீஸ்டார்ட் செய்ததும் லினக்ஸ் வருவதற்கு முன் ஒரு நீலத் திரை வரும். பத்து விநாடிக்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல சிஸ்டம் பூட் ஆகிவிடும். தட்டியபின் வரும் பட்டியலில் ‘கன்டின்யூ பூட்’ முதலில் நிற்கும். அதில் என்டர் அடித்தாலும் கதை முடிந்தது. கீழே இறங்கி ‘என்ரோல் மோக்’, பிறகு ‘கன்டின்யூ’, ‘யெஸ்’, கடவுச்சொல், ‘ரீபூட்’. கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது, அடித்துக்கொண்டே போங்கள்.

நீலத் திரையைத் தவறவிட்டால் டிரைவரை மறுபடி போட வேண்டியதில்லை. சாவியை மட்டும் மீண்டும் பதியலாம்:

சூடோ மோக்யுடில் --இம்போர்ட் /வார்/லிப்/ஷிம்-சைன்ட்/மோக்/மோக்.டெர்

கடைசியில் கோப்பின் பெயரில் உள்ள மோக் மட்டும் பெரிய எழுத்துகள். ஃபோல்டர் பெயரில் சிறியவை.

செக்யூர் பூட்டையே அணைத்துவிடலாமே? அணைத்தாலும் டிரைவர் ஏறும். ஆனால் அதே கம்ப்யூட்டரில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் வசதி) போட்ட விண்டோஸ் இருந்தால், அடுத்த முறை அது ரெக்கவரி கீ கேட்டு உட்கார்ந்துகொள்ளக்கூடும். சாவியைப் பதிவதே மேல்.

கறுப்புத் திரை வந்தால்

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் அழுத்துங்கள். லாகின் கேட்டால் சிஸ்டம் உயிரோடு இருக்கிறது, மேலே சொன்ன எல்லாவற்றையும் அங்கிருந்தே செய்யலாம். அதுவும் வரவில்லையென்றால் ரீஸ்டார்ட் செய்து, பூட் ஆகும்போது எஸ்கேப் தட்டி குரப் பட்டியலுக்கு (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் பூட் மெனு) போங்கள். (அதிகமாகத் தட்டினால் குரப் கட்டளைக் கோட்டில் விழுவீர்கள், ‘நார்மல்’ என்று அடித்து என்டர் தட்டினால் மீளலாம்.) முதல் வரியில் நின்று ‘இ’ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கோடியில் ‘நோமோட்செட்’ சேர்த்து, கன்ட்ரோல்-எக்ஸ். இது அந்த ஒரு முறை பூட் ஆவதற்கு மட்டும்தான்.

நூவோவைக் கையால் பிளாக்லிஸ்ட் செய்தவர்கள் (ஏறவிடாமல் தடுத்தவர்கள்), அதற்குப் பின் ‘சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு’ ஓட்டினீர்களா என்று பாருங்கள். ஓட்டாவிட்டால் பழைய இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத்தொகுதி) நூவோவை முன்கூட்டியே ஏற்றிவிடும்.

எல்லாம் முடிந்ததும் ‘என்விடியா-எஸ்எம்ஐ’ அடித்தால் கார்டின் பெயரும் வெப்பமும் அட்டவணையாக வரும். மேலே தெரியும் கூடா (கார்டில் கணக்கீடு செய்ய என்விடியா தரும் மென்பொருள்) எண், இந்த டிரைவர் தாங்கக்கூடிய உச்சப் பதிப்பு. கூடா போட்டாகிவிட்டது என்று பொருளல்ல. ‘வெர்ஷன் மிஸ்மேட்ச்’ என்று வந்தால் அப்டேட்டுக்குப் பின் ரீஸ்டார்ட் செய்யவில்லை, அவ்வளவுதான்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை இரண்டு.

லேப்டாப்பில் அட்டவணை வருகிறது, ஆனால் கேம் இன்டெல்லில்தான் ஓடுகிறது என்கிறார்கள். ‘சூடோ பிரைம்-செலக்ட் என்விடியா’ அடித்து ரீஸ்டார்ட் செய்தால் எல்லாமே என்விடியாவுக்குப் போகும், பேட்டரியும் கூடவே போகும். நான் ‘ஆன்-டிமாண்ட்’ வைத்து, தேவையானதை மட்டும் என்விடியாவில் திறக்கிறேன்.

ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற கூடுதல் ரெப்போவைச் சேர்த்து ‘ஏகேமாட்-என்விடியா’ போடுங்கள். இன்ஸ்டால் முடிந்த பிறகும் பின்னணியில் மாட்யூல் பில்ட் ஆகிக்கொண்டிருக்கும், சில நிமிடம் பிடிக்கலாம். ‘மாட்இன்ஃபோ -எஃப் வெர்ஷன் என்விடியா’ (எஃப் மட்டும் பெரிய எழுத்து) அடித்தால் பதிப்பு எண் வர வேண்டும். பிழை வந்தால் இன்னும் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள்.