பணம் கேட்கும் முன் சுனையை அளந்துவிடுங்கள்

மலை ஊராட்சிகளில் செயலராக இருந்தே என் சர்வீஸ் ஓடிவிட்டது. அதில் 11 வருஷம் கல்வராயன் மலை. இப்போதும் யாராவது போன் செய்து, "அண்ணே, எங்க ஊர் தண்ணிக்கு யார்கிட்ட நிதி கேட்கலாம்?" என்பார்கள். "மே மாசம் சுனையை அளந்தீங்களா?" என்று நான் திருப்பிக் கேட்பேன்.

பட்டுத் தெரிந்துகொண்ட கேள்வி இது. முதல் திட்டத்துக்கு மார்கழியில் போய் அளந்தேன். மழை முடிந்த நேரம், தண்ணீர் கொட்டியது. குழாய் பதித்து, பூசை போட்டுத் திறந்தோம். சித்திரையில் குழாயைத் திருகினால் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. ஒரு பாட்டி காலிக் குடத்தை என் முன்னால் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். திட்டியிருந்தால் தேவலை.

அளப்பது சுலபம். 20 லிட்டர் குடம், ஒரு செல்போன் போதும். குடம் நிறைய 80 விநாடி என்றால் நிமிடத்துக்கு 15 லிட்டர், ஒரு நாளைக்கு 21,600 லிட்டர். வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டக் கணக்குப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். 60 வீடு, 300 பேர் என்றால் 16,500 போதும். ஆனால் இரவில் வருவதைப் பிடித்து வைக்கத் தொட்டி இல்லாவிட்டால் பாதி ஓடையில்தான் போகும்.

அடுத்தது கிராம சபை. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்துக் கூட்டமே நல்ல சமயம். தீர்மானத்தில் "குடிநீர் வசதி வேண்டும்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். சுனையின் பெயர், சர்வே எண், அளந்த தேதி, அளவு எல்லாம் வரட்டும். சுனை காப்புக்காட்டுக்குள் இருந்தால் 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைக் குறிப்பிடுங்கள். அரசு பராமரிக்கும் குடிநீர்க் குழாய்க்கு ஒரு ஹெக்டேருக்குள் காட்டு நிலம் கேட்க அது வழி தருகிறது. கிராம சபையின் பரிந்துரை அதற்குக் கட்டாயம். இது தெரியாமல் காட்டு எல்லையோடு நின்றுபோன குழாய்கள் உண்டு.

இப்போது பணம். ஊருக்குள் செய்யும் வேலைக்கு ஜல் ஜீவனில் மக்கள் பங்கு 10 சதவீதம். மலை ஊருக்கும், பாதிக்கு மேல் பட்டியலின, பழங்குடி மக்கள் வாழும் ஊருக்கும் 5 சதவீதம். ரொக்கமாகத்தான் தர வேண்டும் என்றில்லை, உழைப்பாகவும் தரலாம். நாங்கள் வீட்டுக்கு இத்தனை அடி என்று பள்ளம் வெட்டினோம். யார் எத்தனை அடி என்பதை 80 பக்க நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அந்த நோட்டைப் பார்த்த பிறகு எந்த அதிகாரியும் "ஊர் ஒத்துழைக்குமா?" என்று கேட்கவில்லை.

ஊராட்சிக்கு வரும் மத்திய நிதிக்குழு மானியத்தையும் கேளுங்கள். 15-வது நிதிக்குழு, 2021–26 காலத்துக்கு, அதில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிவைத்தது. சமூகப் பொறுப்பு நிதி கேட்டுக் கம்பெனிகளிடம் போனால் அரசு எஸ்டிமேட்டில் ஏறாததைக் கேளுங்கள்: சுனைக்கு வேலி, மேலே சாமான் ஏற்றும் வண்டி வாடகை. ஒரே குழாயை மட்டும் இரண்டு கணக்கில் காட்டிவிடாதீர்கள். ஆடிட்டில் மாட்டுவீர்கள்.

வீட்டுக் கழிப்பறைக்குத் தூய்மை பாரதத் திட்டத்தில் 12,000 ரூபாய். பெரும்பாலும் கட்டி முடித்து, படம் ஏற்றிய பிறகுதான் கணக்குக்கு வரும். அதுவரை செங்கல் வாங்க மகளிர் குழுக் கடன்தான் கைகொடுக்கும். மாற்றி மாற்றிப் பயன்படுத்த இரட்டைக் குழி போடுங்கள், சுனைக்கு மேல்பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் பராமரிப்பு. இதற்கென்று தனியாக நிதி கிடைப்பது அரிது. வால்வு, பிளீச்சிங் பவுடர், குழாய் பார்ப்பவர் கூலி எல்லாம் பெரும்பாலும் ஊர்தான் பார்க்க வேண்டும். மாசம் 50 ரூபாய் என்று வசூலித்தோம். மூன்றாம் மாசமே நின்றது. பிறகு மரவள்ளி லோடு ஏறி கையில் காசு இருக்கும் வாரத்தில், வீட்டுக்கு ஒரு வருஷத்துக்கான 600 ரூபாயை மொத்தமாகக் கேட்டோம். வந்தது. இரண்டு பெண்கள் பேரில் கூட்டுக் கணக்கு; வரவு செலவைத் தொட்டிச் சுவரில் சுண்ணாம்பால் எழுதினோம். தராதவர்கள் பெயரையும் எழுதலாம் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். எழுதிவிட்டார்கள். அடுத்த வாரமே எல்லோரும் கட்டிவிட்டார்கள்.